கேள்விக்குறி எங்கே போச்சு?

டாக்டர் எழுதிக் கொடுக்கிற சீட்டை நம்மில் எத்தனை பேர் முழுசாகப் படித்திருப்போம்? மெடிக்கல் ஷாப் அண்ணன்தான் படிப்பார். அவரும் மாத்திரைப் பேரை மட்டும்! நான் ஒரு சீட்டை நூறு தடவையாவது படித்திருப்பேன். அதன் முதல் வரியில் ஒரு கேள்விக்குறி, அதை ஒட்டி ஒரு வார்த்தை: ‘? ஸ்கிசோஃப்ரீனியா’.

தமிழில் மனச்சிதைவு என்கிறார்கள். வார்த்தையைப் பார்த்த பதற்றத்தில் கேள்விக்குறி என் கண்ணில் படவே இல்லை. அம்மா கண்ணில் படவில்லை. வார்டன் சார் கண்ணில் படவில்லை. காலேஜ் ஆபீஸில் யார் கண்ணிலும் படவில்லை. ‘இதுவாக இருக்கலாம், எனக்கே இன்னும் உறுதியில்லை’ என்று டாக்டர் தன் கைப்பட போட்ட குறி அது என்று எனக்குத் தெரிய எட்டு மாசம் ஆச்சு.

நான் அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம். முந்திரிக்காட்டு ஊர். அப்பா சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டுகிறார். எந்த ஷிப்ட்டில் வீட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது. அம்மா கொட்டை உடைக்கப் போய்விடும். என்னை வளர்த்தது அப்பாயி. பெரம்பலூரில் இன்ஜினீயரிங் சீட் கிடைத்து ஹாஸ்டலுக்குக் கிளம்பின அன்னிக்கு, ஒரு துணிப்பை நிறைய வறுத்த முந்திரியைக் கொடுத்து, “ரூம்ல வைக்காத, பசங்க தின்னுருவானுவ, பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டு” என்று சொன்ன ஆள். (பசங்க தின்னுட்டானுங்க, அது வேற விஷயம்.)

செகண்ட் இயர் மார்ச்சில் அப்பாயி இறந்துபோச்சு. பதினாறாம் நாள் காரியம் வரைக்கும்கூட நான் ஊரில் இருக்கவில்லை. இன்டர்னல் டெஸ்ட். ஏற்கெனவே ரெண்டு அரியர். மூணாம் நாளே பஸ் ஏறிட்டேன். அழக்கூட இல்லை. செம ஸ்ட்ராங்கான ஆள் என்று நானே என்னைப் பற்றி நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தூக்கம் போச்சு. ஒரு ராத்திரி, ரெண்டு ராத்திரி இல்லை, அஞ்சு ராத்திரி. படிக்கிறேன் என்று உட்கார்ந்தால் விடிந்துவிடும். பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. ஒருநாள் மெஸ் க்யூவில் நிற்கும்போது காதுக்குப் பின்னாடி, தெளிவாக, அப்பாயி குரல் கேட்டது. திரும்பிப் பதில் சொன்னேன். சத்தமாக. முன்னாடி நின்றவன் சிரித்தான். அடுத்த நாளும் அதே. மூணாம் நாள் யாரும் சிரிக்கவில்லை.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் என்னைப் பத்தித்தான் சங்கேதமாகப் பேசுகிறார்கள் என்று முழுசாக நம்பினேன். ஒரு ராத்திரி ரூம்மேட்டின் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அவன் அப்பா ஈ.எம்.ஐ.யில் வாங்கிக் கொடுத்த போன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. எனக்கு ஒன்றுமே ஆகவில்லை, டாக்டர்தான் கதை கட்டிவிட்டார் என்று சொல்வதற்கு இதை எழுதவில்லை. நிஜமாகவே ஏதோ ஆகியிருந்தது. அதற்கு என்ன பெயர் என்பதில்தான் சிக்கல்.

வார்டன் சாரும் ரெண்டு பசங்களும் என்னைக் காரில் ஏற்றி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பெயர் வேண்டாம். டாக்டர் மூணு கேள்வி கேட்டார். தூக்கம் வருதா? காதில் குரல் கேட்குதா? யாராவது உனக்குக் கெடுதல் பண்ற மாதிரி தோணுதா? இல்லை, ஆமாம், ஆமாம். கம்ப்யூட்டரில் படிவம் நிரப்புகிற மாதிரி முடிந்தது. பத்து நிமிஷம் இருக்கும். யார் குரல், என்ன சொல்லிச்சு, வீட்டில் ஏதாவது நடந்ததா... ம்ஹூம். அவரையும் குறை சொல்ல முடியாது. வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நம் நாட்டில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை.

மாத்திரை போட்டதும் பதினாறு மணி நேரம் தூங்கினேன். பத்து நாளில் குரல் நின்றது. வாட்ஸ்அப் குரூப் மறுபடியும் பழைய மொக்கை குரூப்பாகவே தெரிந்தது. ஆக, மாத்திரை வேலை செய்தது. மறுக்க மாட்டேன்.

காலேஜுக்குத் திரும்பினபோதுதான் அடுத்த கூத்து. அட்டெண்டன்ஸ் குறைவு, அதனால் மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்டார்கள். கையில் இருந்தது அந்தச் சீட்டுதான். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஆபீஸில் ஒரு பெரிய லெட்ஜர். அதில் என் பெயருக்கு நேரே ‘ஸ்கிசோஃப்ரீனியா பேஷன்ட்’ என்று ஏறியது. கேள்விக்குறி அந்த இடத்தில்தான் விழுந்தது. டாக்டரின் சந்தேகம் கிளார்க்கின் கையில் தீர்ப்பாக மாறிவிட்டது!

அங்கிருந்து வார்டனுக்கு, வார்டனிடமிருந்து ரூம்மேட் வீட்டுக்கு, அப்படியே ஊருக்கு. ரூமில் தனி ஆள் ஆனேன். ‘அந்நியன்’ என்று பெயர் வைத்தார்கள். 2005-ல் வந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு மனச்சிதைவு என்றால் ஒரு ஆளுக்குள் மூணு ஆள் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லை, மக்களே! ஊரில் இன்னும் சுருக்கமாக ஒரே வார்த்தையில் சொன்னார்கள். அக்காவுக்கு வந்த வரன் ஒன்று பாதியில் நின்றது. காரணம் யாரும் சொல்லவில்லை, எல்லாருக்கும் தெரியும். அந்த ராத்திரி அம்மா என்னிடம் எதுவும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் படுத்துவிட்டது.

அந்த கடுப்பில்தான் படிக்க ஆரம்பித்தேன். பாடத்தை இல்லை, என் நோயை.

முதலில் கிடைத்தது ஒரு கணக்கு. அமெரிக்காவின் மனநல மருத்துவர்கள் பயன்படுத்துகிற கையேட்டின்படி, இந்த நோய் என்று சொல்ல அறிகுறிகள் ஏதோ ஒரு வடிவில் ஆறு மாசம் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல்படி ஒரு மாசம். அடடா! ஒரே தலைவலிக்கு ரெண்டு காலண்டரா? என் கணக்கு ரெண்டிலும் இடிக்கிறது. மொத்தம் மூணு வாரம்கூடத் தாண்டவில்லை.

அப்புறம் 1973. அந்த வருஷம்தான் ஓரினச் சேர்க்கையை நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் அதை எடுக்க 1990 வரை ஆச்சு. எத்தனை பேர் அதுவரைக்கும் நோயாளியாக வாழ்ந்திருப்பார்கள்!

அதே 1973-ல் டேவிட் ரோசன்ஹான் என்கிற அமெரிக்க உளவியலாளர் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். அவரையும் சேர்த்து எட்டு பேர், 12 மனநல ஆஸ்பத்திரிகளுக்குப் போய், காதில் ஏதோ குரல் கேட்கிறது என்று பொய் சொன்னார்களாம். எல்லாரையும் அட்மிட் பண்ணிவிட்டார்கள். உள்ளே போனதும் நடிப்பை நிறுத்திவிட்டுச் சாதாரணமாக இருந்தும் வெளியே விடச் சராசரியாக 19 நாள் ஆனதாம். அவர்கள் நோட்டில் குறிப்பு எழுதியதைக்கூட நோயாளியின் நடத்தையாகவே எழுதி வைத்தார்களாம். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீங்களா, எல்லாமே டுபாக்கூர்!

ஆகஸ்டில் ஒருநாள் மாத்திரையை நிறுத்தினேன். யாரையும் கேட்கவில்லை. ஏற்கெனவே அது எனக்குக் கொடுத்த பரிசுகள் நிறைய: எட்டு கிலோ எடை, விறைத்த கை, காலையில் தலையணை நனைய எச்சில், கிளாஸில் முதல் பெஞ்சிலேயே தூக்கம். நிறுத்தின முதல் ரெண்டு வாரம் சொர்க்கம். மூணாவது வாரம் தூக்கம் போச்சு. நெஞ்சு படபடவென்று அடித்தது. நாலாவது ராத்திரி மறுபடியும் அந்த வாட்ஸ்அப் குரூப்பை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து ரூம் பையன் ஒருத்தன், என்னிடம் பேசுகிற மிச்சம் இருந்த ஒரே ஆள், வீட்டுக்கு போன் போட்டான். இதைப் படிக்கிற யாராவது மாத்திரையில் இருந்தால்... சந்தேகத்தை டாக்டரிடம் கொண்டு போங்க, குப்பைத் தொட்டிக்குக் கொண்டு போகாதீங்க.

வந்த அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. “சாமி, ஒரு தடவை எனக்காக வா” என்று திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ் ஏற்றியது. குணசீலம்.

காவிரிக்கரையில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனசு சரியில்லாதவர்களைக் கூட்டி வந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைக்கிற வழக்கம் அங்கே ரொம்ப காலமாக இருக்கிறது. உச்சிக்கால பூஜையில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். நான் கிண்டலாகத்தான் போனேன். சளீர் என்று தண்ணீர் முகத்தில் விழுந்தபோது ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. பக்கத்தில் தங்கியிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “தீர்த்தம் மட்டும்னு நெனைச்சியா தம்பி? இங்க டாக்டரு வர்றாரு, மாத்திரையும் உண்டு. ரெண்டும்தான்” என்றார். எனக்கு அது ஆச்சரியம். கோயிலை ஒட்டி மனநலக் காப்பகம் இருப்பதே அன்னிக்குத்தான் தெரியும்.

அதைவிட வேறொன்று மனசில் நின்றது. அங்கே யாரும் என்னை ‘என்ன நோய்?’ என்று கேட்கவில்லை. “எந்த ஊரு, சாப்டியா?” இவ்வளவுதான்.

இதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா என்று திரும்பி வந்து தேடினேன். திண்டுக்கல் பக்கம் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயில். அங்கே வந்து தங்கிய 31 பேரை ரகுராம் என்கிற மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் ஆராய்ந்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலானோருக்கு மனச்சிதைவு. சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள். மந்திரம், தந்திரம், விசேஷ சிகிச்சை எதுவும் இல்லை. கோயிலில் சின்னச் சின்ன வேலை, சாப்பாடு, கூட ஒரு சொந்தக்காரர். ஆறு வாரத்தில் அறிகுறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை, அதனால் கோயில்தான் குணப்படுத்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பயமுறுத்தாத ஒரு இடமும் கூட ஒரு ஆளும் சும்மா இல்லை என்று தெரிகிறது.

உடனே ‘டாக்டர் வேண்டாம், கோயிலே போதும்’ என்று கொடி பிடிக்கவும் என்னால் முடியாது. அப்படிப் பிடிக்கிறவர்கள் ஏர்வாடியை ஒரு தடவை நினைத்துப் பார்க்கணும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களை வைத்து, அந்த ஊரில் தனியார் நடத்திய ஒரு காப்பகக் கொட்டகையில் தீ. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களையும் அம்மா, அப்பா, அண்ணன் என்று யாரோ ஒருத்தர் நல்லது நடக்கும் என்று நம்பித்தான் கொண்டுவந்து விட்டிருப்பார்கள். நோய்க்குப் பெயரே வைக்காத இடத்திலும் மனுஷனைக் கட்டிப்போட முடியும். 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் கூடாது என்று தடை செய்திருக்கிறது.

நவம்பரில், பக்கத்து ரூம் பையன் பிடிவாதமாக இழுத்ததில், அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். ரெண்டாவது கருத்து கேட்பது முதல் டாக்டருக்குப் பண்ணுகிற துரோகம் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஹார்ட் ஆபரேஷன் என்றால் மூணு டாக்டரைக் கேட்கிற நாம், மனசு விஷயத்தில் மட்டும் முதல் சீட்டோடு ஏன் நின்றுவிடுகிறோமோ!

மேடம் ஓ.பி. கூட்டத்தைப் பார்த்துவிட்டு, “மத்தியானம் ஒரு மணிக்கு வாங்க தம்பி, நிதானமா பேசலாம்” என்றார்கள். முக்கால் மணி நேரம் பேசினோம். அம்மாவிடம் தனியாகப் பேசினார்கள். கஞ்சா உண்டா என்று நேராகக் கேட்டார்கள் (இல்லை). வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கா, எத்தனை காபி, எத்தனை நாள் தூக்கம் இல்லை என்று கேட்டு, தைராய்டு டெஸ்டுக்கும் எழுதினார்கள். நான் பையில் இருந்த என் ஆயுதத்தை எடுத்தேன்: ரோசன்ஹான்! மேடம் சிரித்தார்கள். “நாங்க காலேஜ்லயே படிச்சது. 2019-ல சுசன்னா கஹாலன்னு ஒரு பத்திரிகையாளர் ‘தி கிரேட் ப்ரிடெண்டர்’னு புத்தகம் எழுதியிருக்காங்க, அதையும் படிங்க” என்றார்கள். படித்தேன். அந்த எட்டுப் பேரில் பெரும்பாலானோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையாம். ரோசன்ஹான் ஆஸ்பத்திரியில் சொன்ன அறிகுறிகள், கட்டுரையில் எழுதினதைவிட அதிகமாம். நான் எந்தக் கட்டுரையை நம்பி மாத்திரையை நிறுத்தினேனோ, அதன் பக்கத்திலும் இப்போது ஒரு கேள்விக்குறி.

“ஆனா நீங்க கேக்கறது நியாயமான கேள்விதான்” என்றார்கள் மேடம். “சுகருக்கு மாதிரி இதுக்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. பேசி, பார்த்து, காத்திருந்துதான் பேர் வைக்கணும். பேர் தப்பா இருக்கலாம். நீங்க தூங்காம கெடந்த அஞ்சு ராத்திரி தப்பில்லையே?”

அப்புறம் பழைய சீட்டை வாங்கிப் பார்த்தவர்கள், முதல் வரியில் விரலை வைத்து, “இந்தக் கேள்விக்குறியைப் பத்தி உங்ககிட்ட யாரும் சொல்லலையா?” என்றார்கள். அன்னிக்குத்தான் எனக்கு அது தெரிந்தது. சீட்டைத் திருப்பித் தரும்போது சாதாரணமாகக் கேட்டார்கள்.

“அப்பாயி என்ன சொன்னாங்க?”

எட்டு மாசத்தில் யாரும் கேட்காத கேள்வி. “சாப்டியாடான்னு” என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. அப்பாயி செத்தப்ப அழாத அழுகை எல்லாம் அந்த ஆஸ்பத்திரி ஸ்டூலில் வந்தது. அம்மா முந்தானையை எடுத்துக் கொடுத்துவிட்டு அதுவும் அழுதது.

இறந்தவர்களின் குரல் கேட்பது அவ்வளவு அபூர்வம் இல்லையாம். வேல்ஸ் நாட்டில் டூவி ரீஸ் என்கிற டாக்டர், துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-ல் எழுதியிருக்கிறார். கிட்டத்தட்ட பாதிப் பேர், இறந்தவர் பக்கத்தில் இருப்பதை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருக்கிறார்கள். நூற்றுக்குப் பதிமூணு பேர் குரலையே கேட்டிருக்கிறார்கள். நெதர்லாந்தில் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம் இன்னும் ஒரு படி மேலே போனார். குரல் கேட்கிற தன் நோயாளி பாட்சி ஹேகுடன் சேர்ந்து 1987 வாக்கில், குரல் கேட்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, அந்தக் குரல் யாருடையது, என்ன சொல்கிறது என்று பேசிக்கொள்கிற குழுக்களை ஆரம்பித்தார். பல நாடுகளில் இன்னிக்கும் அவை நடக்கின்றன. நம் பக்கம் அப்படி ஒரு குழுவை நான் பார்த்ததில்லை. இருந்தால் போய் உட்காருவேன்.

குரல் மட்டும் என்றால் துக்கம் என்று விட்டிருக்கலாம், போனை உடைத்தது துக்கம் இல்லை என்றார்கள் மேடம். புதுச் சீட்டில் எழுதினது வேறு பெயர்: திடீரென வந்து குறுகிய காலத்தில் போகிற மனநோய். உலக சுகாதார நிறுவனப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது. நம்ம மாதிரி நாடுகளில் அது கொஞ்சம் அதிகமாகவே பார்க்கப்படுகிறதாம். “இதுவும் கடைசிப் பேர்னு நான் சொல்லமாட்டேன். திரும்பத் திரும்ப வந்தா மாத்த வேண்டியிருக்கும். அதுக்குத்தான் மாசாமாசம் வாங்கன்னு சொல்றேன்” என்றார்கள். மாத்திரையை நிறுத்தவில்லை, பாதியாக்கி, அப்புறம் அதிலும் பாதி. கூடவே வாரம் ஒருநாள் கவுன்சலிங். ராத்திரி பதினோரு மணிக்கு லைட் ஆஃப். லீவில் ஊருக்குப் போய் அப்பாயி இருந்த இடத்தில் உட்கார்ந்து கொட்டை உடைக்கச் சொன்னது கவுன்சலர் அக்கா. கையெல்லாம் பால் பட்டுப் பொத்துப்போச்சு, ஆனால் தூக்கம் வந்தது.

அந்தச் சட்டத்தில் நமக்குப் பயன்படுகிற விஷயங்கள் இன்னும் இருக்கின்றன, யாரும் சொல்லித் தருவதில்லை. நம் நோயைப் பற்றி, தருகிற சிகிச்சையைப் பற்றி, பக்கவிளைவு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு. மருத்துவக் குறிப்புகளின் நகலைக் கேட்கலாம். ரகசியம் காக்கச் சொல்லலாம். முக்கியமாக, மனநோய் என்று எழுதிவிட்டதாலேயே ஒருத்தர் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார். அதைக் கோர்ட்தான் சொல்லணும். ராத்திரி யாரிடமும் பேச முடியாத நேரத்தில் டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நான் ரெண்டு தடவை பேசியிருக்கிறேன்.

போன மாசம் புதுச் சர்டிஃபிகேட்டோடு காலேஜ் ஆபீஸுக்குப் போனேன். லெட்ஜரில் இருக்கிறதை அடிக்கணும் என்று கேட்டேன். கிளார்க் அண்ணன் பக்கத்தைத் திருப்பி ரொம்ப நேரம் பார்த்தார். ஜெராக்ஸையும் பார்த்தார்.

“அடிச்சா ஆடிட்ல கேப்பாங்க தம்பி.”

“அண்ணே, அதுல முன்னாடி ஒரு கேள்விக்குறி இருந்துச்சு.”

சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டு போனார். “அட, ஆமா!” என்றார். சிவப்புப் பேனாவை எடுத்து, நீல எழுத்துக்கு முன்னாடி இருந்த கொஞ்சூண்டு இடத்தில் ஒரு கேள்விக்குறியை நெருக்கிப் போட்டார். புதுச் சர்டிஃபிகேட்டைப் பக்கத்திலேயே பின் அடித்தார். “இது முடியும்” என்றார்.

அடுத்த ரெவ்யூ வர்ற வியாழக்கிழமை. கால் மாத்திரையையும் நிறுத்தலாமா என்று மேடம் அப்போதான் சொல்வார்கள். குணசீலம் 48 நாள் வேண்டுதலை அம்மா இன்னும் கைவிடவில்லை. செமஸ்டர் லீவு 48 நாள் வராதும்மா என்று சொல்லிப் பார்த்தேன். “பாதி நாளாச்சும் வா” என்கிறது.